தெரிந்தவரோடு தாய்லாந்துச் சாப்பாடு: ராமநாதபுரம் கரைக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கீழக்கரையில் பாங்காக்கைக் கரைத்துக் குடித்த ஆளைத் தேடி ரொம்ப தூரம் நடக்க வேண்டியதில்லை. ரத்தினக்கல் வியாபாரத்துக்காக அங்கே சீலோம் பக்கம் வருடக்கணக்கில் இருந்துவிட்டு, பெருநாளுக்கோ கல்யாணத்துக்கோ ஊர் வந்திருக்கும் சபராளி ஒருவர் எப்படியும் கண்ணில் படுவார். "தம்பி, ஒரு நாள் உன்னை நல்ல தாய் சாப்பாட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்பார். அதற்கென்றே ஒரு கடை எங்கள் கரையில் என் கண்ணில் படவில்லை. மதுரைக்கோ சென்னைக்கோ வேலையாகப் போகும்போது சேர்ந்து போவதுதான் வழக்கம். சிலருக்கு பாங்காக்கிலேயே அந்த வாய்ப்பு அமைந்துவிடுகிறது.

கூடவே தெரிந்தவர் இருக்கும்போது வழிகாட்டி எதற்கு? அவருக்கு அந்தச் சாப்பாடு தெரியும், உங்கள் நாக்கு தெரியாது. அதனால்தான் இது.

முதல் படி: உங்கள் நாக்கைப் பற்றிச் சொல்லுங்கள்

"உங்களுக்குத் தெரியாததா காக்கா, நீங்களே சொல்லிடுங்க." (எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்.) மரியாதைக்காக நாம் சொல்லும் இந்த வார்த்தையில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. கேட்டவுடன் அவர் இரண்டில் ஒன்றைச் செய்வார். உங்களுக்குப் பிடிக்காமல் போய்விடுமோ என்று பயந்து, எந்த ஊர் ஹோட்டலிலும் கிடைக்கிற ஃபிரைட் ரைஸும் சிக்கன் நூடுல்ஸும் சொல்லிவிடுவார். இல்லையென்றால், வருடக்கணக்கில் தின்று பழகிய ஏக்கத்தில், ஊறவைத்த மீன் சேர்த்த பப்பாளிக்காய்ச் சாலடைச் சொல்லிவிட்டு உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இரண்டிலும் உங்களுக்கு அரை வயிறுதான்.

அதனால் போகிற வழியிலேயே மூன்று விஷயங்களைப் பேசிவிடுங்கள்.

முதலில், எதைச் சாப்பிட மாட்டீர்கள் என்பது. தாய்லாந்துச் சமையலில் பன்றி இறைச்சி மிகச் சாதாரணம். ஹலால் பார்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு பாங்காக்கில் ஹலால் முத்திரை போட்ட கடைகள் உண்டு. தெற்குத் தாய்லாந்தில் முஸ்லிம் சமையல் கடைகள் நிறைய. இதெல்லாம் காக்காவுக்கு அத்துப்படி. இங்கே உள்ள கடையில்தான் உட்காருவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சைவக்காரர்களுக்கு வேறு கவலை. ராமேஸ்வரத்திலிருந்து ஒரு சைவ நண்பர் கூட வருகிறார் என்று வையுங்கள். "மீன் வேண்டாம்" என்றால் மீன் துண்டை எடுத்துவிடுவார்கள், மீன் சாஸை விட்டுவிடுவார்கள். நாம் பிளா என்ற அந்த சாஸ் நம் ஊர் உப்பு டப்பா இருக்கும் இடத்தில் இருக்கிறது, எல்லாவற்றிலும் விழும். அதைவிட மறைவாக இருப்பது கபி என்கிற இறால் விழுது. கிரீன் கறி, ரெட் கறிக்கு அரைக்கும் மசாலாவிலேயே அது சேர்ந்துவிடுகிறது. பாக்கெட்டில் வரும் விழுதிலும் பெரும்பாலும் இருக்கும். ஆகவே "காய்கறி போட்ட கிரீன் கறி" சைவம் என்று நம்ப வேண்டாம். விழுதில் இறால் இருக்கிறதா, மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸ் ஊற்ற முடியுமா என்று இரண்டு கேள்வி கேளுங்கள். தாய்லாந்திலேயே சாப்பிடுவதாக இருந்தால் "ஜே" என்ற சொல் போதும். மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தாகத் தொங்கும். அந்தக் கடைகளில் மீன், இறைச்சி, முட்டை, பால் எதுவும் கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது. வேர்க்கடலையோ இறாலோ ஒத்துக்கொள்ளாதவர்கள் அதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும். இரண்டும் எதிர்பாராத தட்டிலெல்லாம் தலைகாட்டும்.

அடுத்தது காரம். "முண்டு மிளகாய் விளையிற மண்ணுக்காரன், எனக்கா காரம்?" என்று நம் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்துவார்கள். ராமநாதபுரம் முண்டுக்கு 2023ல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது, பெருமைப்படலாம். ஆனால் முண்டு மிளகாய் எண்ணெயிலும் புளியிலும் கொதித்துக் குழம்பாகித்தான் நம் வாய்க்கு வருகிறது. தாய்லாந்தின் சின்ன ஊசி மிளகாய், அவர்கள் பிரிக் கி நூ என்பது, சாலடில் பச்சையாக இடிபட்டு அப்படியே வருகிறது. அந்தக் காரம் வேறு வழியாக ஏறும். முதல் தடவை நடுத்தரக் காரம் என்று சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மேஜையிலேயே காரத்தைக் கூட்டிக்கொள்ள வழி இருக்கிறது. கூடிப்போனதைக் குறைக்கத்தான் வழி இல்லை.

கடைசியாக வாசம். கருவாடு வறுக்கிற வீட்டைக் கடக்கும்போது மூக்கைப் பொத்துவீர்களா, அல்லது உள்ளே போய் உட்கார்ந்துவிடுவீர்களா? காக்காவிடம் இதற்கு மட்டும் உண்மையான பதிலைச் சொல்லிவிடுங்கள். அவர் எந்தச் சாலடைச் சொல்லலாம், எந்தத் தெற்கத்திக் கறியைத் தொடக்கூடாது என்பதெல்லாம் இதை வைத்துத்தான்.

இரண்டாம் படி: ஆள் சேர்ப்பது

நான்கு பேர் என்றால் சரியான கணக்கு. இரண்டு பேராகப் போனால் மூன்று தட்டுக்கு மேல் சொல்ல முடியாது, சொன்னால் மிஞ்சும். ஏழெட்டுப் பேர் என்றால் மேஜையின் அந்தக் கோடியில் இருப்பவருக்கு மீனின் முள்தான் வந்து சேரும். மதியம் பிரியாணி அடித்துவிட்டு இரவு இதற்குப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: மேஜைக்கு ஆர்டர் சொல்வது

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் ஊர் ஹோட்டலில் ஆளுக்கு ஒரு ஆர்டர். ஒருவருக்குப் பரோட்டா, ஒருவருக்கு இட்லி. தாய்லாந்து மேஜையில் வெறும் சோறு மட்டும்தான் ஆளுக்கு ஆள். மற்ற எல்லாம் நடுவில், எல்லாருக்கும். எனக்கு இது, உனக்கு அது என்று மெனுவைப் பிரித்துக்கொண்டால் அந்தச் சாப்பாட்டின் கணக்கே தவறிவிடும். புளிப்பு ஒரு தட்டிலும், இனிப்பும் தேங்காயும் ஒரு தட்டிலும், உப்பும் காரமும் இன்னொரு தட்டிலுமாகப் பிரித்து வைத்து, சோற்றின் மேல் அவற்றைச் சந்திக்கவைப்பதுதான் அவர்கள் வழி.

நான்கு பேருக்கு நான் ஒப்புக்கொள்ளும் வரிசை இது: ஒரு புளிப்பு சூப், ஒரு சாலட், தேங்காய்ப்பால் கறி ஒன்று, வாணலியில் சட்டென்று புரட்டிய ஒன்று, முழு மீன் ஒன்று. இரண்டு பேர் என்றால் மீன் போகட்டும், கூடவே சூப்போ சாலடோ ஒன்று போகட்டும். கறியும் வாணலிப் புரட்டலும் இருக்கட்டும். ஒரே ருசி இரண்டு தடவை வரக்கூடாது என்பதைக் கவனியுங்கள். தோம் கா என்ற பேரரத்தை சூப்பும் தேங்காய்ப்பால்தான், கிரீன் கறியும் தேங்காய்ப்பால்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் மூன்றாவது கரண்டியிலேயே திகட்டிவிடும். தோம் யம் என்ற புளிப்பு சூப் இருந்தால் கறி பொருந்தும். இறால் சூப்பில் வந்துவிட்டால் சாலடில் கணவாயோ வெறும் பப்பாளியோ போதும்.

பாட் தாய் எங்கே என்று கேட்பீர்கள். அரிசி நூடுல்ஸ், புளி, மீன் சாஸ், வெல்லம், முட்டை, வேர்க்கடலை எல்லாம் சேர்ந்த அது ஒரு ஆள் ஒரு தட்டில் முடிக்கிற சாப்பாடு. அதற்கு ஒரு அரசியல் கதை உண்டு. 1939ல் சயாம் என்ற பெயரைத் தாய்லாந்து என்று மாற்றிய பிபுன்சோங்க்ராம் அரசுதான், தேசிய உணர்வை வளர்க்கும் வேலையின் ஒரு பகுதியாக அந்த நூடுல்ஸைப் பரப்பியது. தனியாகப் போகும் மதியத்துக்கு நல்ல சாப்பாடு. சோறு நடுவில் இருக்கும் மேஜையில் அது இடத்தை அடைக்கும். பிள்ளைகள் கூட வந்தால் மட்டும் ஒன்று சொல்லலாம், அவர்களுக்குப் பிடிக்கும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்வதில்லை. நம் நாட்டுக் கடைகளில் சூப்பை முதலில் கொண்டுவந்து வைத்து, அது முடிந்தபின் "ஸ்டார்ட்டர்", அப்புறம் சோறு என்று வரிசையாகக் கொடுப்பார்கள். அப்படி வந்தால் இத்தனை யோசித்து ஆர்டர் சொன்னதில் பயனில்லை. "எல்லாத்தையும் சோத்தோட சேர்த்தே கொண்டாங்க தம்பி" என்று பரிமாறுகிறவரிடம் சொல்லிவிடுங்கள். சூப்பும் கறிபோல நடுவில்தான் இருக்க வேண்டும்.

சோறு ஜாஸ்மின் அரிசியாகக் கேளுங்கள். வேக வைத்தால் லேசாக ஒட்டும், நல்ல மணம். வடகிழக்கு ஈசான் பகுதிச் சாப்பாடான பப்பாளிச் சாலடும் சுட்ட கோழியும்தான் முக்கியம் என்றால் ஒட்டும் சோறு ஒரு கூடை சொல்லலாம். அதைக் கையால் சின்ன உருண்டையாகப் பிடித்துத் தொட்டுச் சாப்பிட வேண்டும். கரண்டிக்குப் பழகாத பெரியவர்கள் மேஜையில் இருந்தால் இதுதான் நிம்மதி.

நான்காம் படி: சாப்பாடு வரும்வரை

காக்காவைப் பேசவிடுங்கள். சீலோம் சாலையில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோவில், அதற்குப் பக்கத்துத் தெருக்களில் கல் பார்க்கும் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள், சந்தபுரியின் மாணிக்கச் சந்தை என்று அவரிடம் சரக்கு இருக்கும். அவருக்குத் தெரியாத ஒன்றை நீங்களும் சொல்லலாம். தாய்லாந்தின் மேற்குக் கரையில் தகுவாபா என்ற இடத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்று பெயர் வைத்த ஒரு குளத்தைப் பற்றியும், அதற்குக் காவலான மணிக்கிராமம் என்ற வணிகக் குழுவினரைப் பற்றியும் அது சொல்கிறது. பல்லவ மன்னன் மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர் அவனிநாரணன். இன்னும் பழையது, தெற்குத் தாய்லாந்தின் குவான் லுக் பட்டில் கிடைத்த பொற்கொல்லரின் உரைகல். அதில் "பெரும்பதன் கல்" என்று தமிழ்-பிராமியில் வெட்டியிருக்கிறது. பொன் உரசிப் பார்க்கும் கல்லைக் கொண்டுபோனவர்கள் அப்போதே இருந்திருக்கிறார்கள் என்று சொன்னால், கல் வியாபாரி காக்கா இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருப்பார்.

ஐந்தாம் படி: கரண்டி பிடிப்பது

வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. முள்கரண்டி வாய்க்குப் போகாது, சோற்றைக் கரண்டிக்குத் தள்ளிவிடும் வேலை மட்டும் அதற்கு. கத்தி இருக்காது, எல்லாம் நறுக்கித்தான் வரும். குச்சிகள் சூப் நூடுல்ஸுக்கு மட்டும். சோற்றுக்குக் குச்சி கேட்டால் காக்கா சிரிப்பார்.

நம் கைக்குக் கஷ்டமான பாடம் இதற்கு அடுத்தது. சோற்றில் குழி பறித்து, குழம்பை ஊற்றி, குழைத்து அடிப்பது நம் பழக்கம். இங்கே அது வேண்டாம். நடுத் தட்டில் இருந்து ஒரே ஒரு வகையை ஒன்றிரண்டு கரண்டி எடுத்து, உங்கள் தட்டில் சோற்றின் ஓரத்தில் வைத்து, அதைச் சோற்றோடு முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் குவித்துக்கொண்டால் கிரீன் கறி ஓடி மீனின் எலுமிச்சைச் சாற்றில் கலந்து, எதன் ருசியும் தெரியாத ஒரு கலவையாகிவிடும். பார்க்கவும் பேராசைபோல இருக்கும். பொதுக் கரண்டி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். சூப்பைச் சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொள்ளலாம்.

மேஜையில் மூத்தவர் முதலில் எடுக்கட்டும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆறாம் படி: ஒவ்வொன்றையும் தெரிந்து தின்பது

தோம் யம் முதலில். எலுமிச்சைப் புல், பேரரத்தை, மக்ரூட் எலுமிச்சை இலை, மிளகாய், மீன் சாஸ், கடைசியில் அடுப்பை அணைத்தபின் எலுமிச்சைச் சாறு. மக்ரூட் இலையின் வாசம் நாரத்தை இலைக்கு நெருங்கின வாசம். சூப்பில் மிதக்கும் புல் துண்டையும் பேரரத்தையையும் இலையையும் தின்னக்கூடாது. கறிவேப்பிலையை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிட வேண்டும். பேரரத்தைத் துண்டைக் கடித்துவிட்டு "மரத்தைப் போட்டிருக்கான்" என்று கோபப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். இதில் இரண்டு வகை: தெளிந்த சாறாக ஒன்று, வறுத்த மிளகாய் விழுதும் சுண்டக் காய்ச்சிய பாலும் சேர்த்துக் கெட்டியாக ஒன்று. இறால் நல்லதாக இருந்தால் தெளிந்ததைக் கேளுங்கள், இறாலின் ருசி வெளியே வரும். இறால் போட்ட தோம் யம் குங் 2024ல் யுனெஸ்கோவின் கலாச்சார மரபுப் பட்டியலில் சேர்ந்தது. கீழக்கரை வீட்டில் புளியாணம் குடித்து வளர்ந்தவருக்கு இந்த சூப் முதல் வாயிலேயே புரிந்துவிடும்.

சோம் தம், பப்பாளிக்காய்ச் சாலட். பச்சைப் பப்பாளியை நீளநீளமாகச் சீவி, பூண்டு, மிளகாய், தட்டைப்பயற்றங்காய், தக்காளி, காய்ந்த இறால், வேர்க்கடலை, பனைவெல்லம், எலுமிச்சை, மீன் சாஸ் எல்லாவற்றோடும் உரலில் லேசாக இடிப்பது. காய்ந்த இறால் நமக்குப் புதிதா என்ன, கூனிப் பொடி இல்லாத வீடு கரையில் குறைவு. முதல் தடவைக்கு "சோம் தம் தாய்" என்ற வகை. வாசத்துக்குப் பயப்படாதவர் என்று முதல் படியில் சொல்லியிருந்தால், பிளா ரா என்ற ஊறல் மீன் சேர்த்ததைக் காக்கா சொல்லுவார். சாலட் வந்ததும் சாப்பிட்டுவிடுங்கள். நேரமானால் உப்பில் பப்பாளி தண்ணீர் விட்டுவிடும்.

கறிகளில் நிறத்தைப் பார்த்துக் காரத்தை முடிவு பண்ண வேண்டாம். கிரீன் கறி பச்சை மிளகாயில், ரெட் கறி காய்ந்த மிளகாயில். பார்க்கச் சாதுவாக இருக்கும் பச்சைதான் பல கடைகளில் சுள்ளென்று இருக்கும். இரண்டிலும் கொத்தமல்லியின் வேர் அரைபடுகிறது, நாம் ஆய்ந்து குப்பையில் போடுகிற அதே வேர். சமைக்கும் முறையிலும் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கலாம். நம் மீன் குழம்பில் முதல் பாலைக் கடைசியில் ஊற்றி, திரியாமல் இறக்குவோம். அவர்கள் கெட்டிப் பாலை முதலில் வாணலியில் ஊற்றிக் காய்ச்சி, எண்ணெய் பிரியவிட்டு, அந்த எண்ணெயில் விழுதை வதக்குகிறார்கள். மேலே மிதக்கும் எண்ணெயைப் பார்த்து "எண்ணெய் ஜாஸ்தி" என்று சொல்லாதீர்கள், அது தேங்காய் எண்ணெய். பிரிந்திருந்தால் கறி சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

மசமன் தனி ரகம். ஏலம், பட்டை, கிராம்பு, சீரகம் எல்லாம் வறுத்துச் சேர்த்து, உருளைக்கிழங்கும் வேர்க்கடலையும் புளியும் போட்டு மெதுவாக வேகவிடும் கறி. முஸ்லிம் வணிகர்கள் வழியாக வந்த சமையல் என்பதுதான் பொதுவான கருத்து. 1809 முதல் 1824 வரை ஆண்ட இரண்டாம் ராமா மன்னரே இதன் சீரக வாசத்தைப் பாட்டில் புகழ்ந்திருக்கிறார். மாட்டிறைச்சியிலோ கோழியிலோ வரும். காரத்துக்குப் பயப்படும் பெரியவர்களை உட்காரவைக்க இதுதான் கறி. தயங்குகிற ஆளுக்கு முதலில் எதைக் கொடுக்கலாம் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

வாணலிப் புரட்டலில் பாட் க்ரபாவ். கொத்திய இறைச்சி, பூண்டு, மிளகாய், கைநிறைய துளசி, மேலே மொறுமொறுப்பான ஓரத்தோடு பொரித்த முட்டை. ஆமாம், நம் வீட்டு மாடத்துத் துளசியேதான் அந்த இலை. துளசியைச் சாப்பாட்டில் போடுவதைப் பார்த்து வீட்டுப் பெண்கள் சிலர் முகம் சுளிக்கலாம், அவரவர் மனசு. கிடைக்காத கடைகள் அதற்குப் பதிலாக ஹொராபா என்ற இன்னொரு இலையைப் போட்டுவிடுகின்றன. அது திருநீற்றுப்பச்சிலையின் இனம், சோம்பு வாசம் அடிக்கும். கிரீன் கறிக்கு அதுதான் சரி, க்ரபாவுக்கு அது மாற்று. எந்த இலை வந்திருக்கிறது என்று முகர்ந்து சொன்னீர்கள் என்றால் காக்கா உங்களைத் திரும்பிப் பார்ப்பார்.

மீனுக்கு வருவோம். எலுமிச்சையும் பூண்டும் மிளகாயும் போட்டு ஆவியில் வேகவைத்த பிளா கபோங் என்று மெனுவில் இருந்தால் அது கொடுவாய். ஆங்கில மெனுவில் சீ பாஸ் என்றோ பாரமுண்டி என்றோ போட்டிருப்பார்கள். மீனை மட்டும் நம் ஆட்கள் காக்காவிடம் விட வேண்டியதில்லை. பாம்பனிலும் மண்டபத்திலும் ஏலத்தில் மீன் பார்த்து வளர்ந்தவருக்கு, கண்ணையும் செவுளையும் பார்த்தால் போதும். சமைப்பதற்கு முன் மீனைக் காட்டச் சொல்லிக் கேட்கலாம், கேட்டால் நல்ல கடைக்காரர் காட்டுவார். பழைய மீன் என்று தெரிந்தால் ஆவி மீனை விட்டுவிட்டு வேறு ஏதாவது சொல்லுங்கள். பொரித்தால் மறைக்கலாம், ஆவியில் எதுவும் மறையாது.

ஏழாம் படி: மேஜையிலேயே சரிசெய்வது

மீன் சாஸில் மிளகாய் நறுக்கிப் போட்ட சின்னக் கிண்ணம் ஒன்று கேளுங்கள், பிரிக் நாம் பிளா. நெத்திலியையும் உப்பையும் ஒரு வருடத்துக்கு மேல் தொட்டியில் ஊறவைத்து இறக்கிய சாறு அது. பாட்டிலை நேராக முகர்ந்தால் கருவாட்டுச் சாக்கைப் பிரித்ததுபோல இருக்கும். சோற்றில் நாலு சொட்டு விட்டால் வாசம் அடங்கி ருசி மட்டும் நிற்கும். உப்பு குறைந்தாலும் காரம் குறைந்தாலும் இதுதான் மருந்து. சர்க்கரை, மிளகாய்த்தூள், மிளகாய் ஊறிய வினிகர் எல்லாம் இருக்கும் நான்கு கிண்ணத் தட்டு நூடுல்ஸுக்கானது, கறியில் ஊற்றாதீர்கள்.

காரம் ஏறிவிட்டதா? தண்ணீரைக் குடித்துப் பயனில்லை, மிளகாயின் எரிச்சல் தண்ணீரில் கரையாது. வெறும் சோறு இரண்டு வாய், வெள்ளரித் துண்டு, அப்புறம் பால் ஊற்றிய ஆரஞ்சு நிறத் தாய் டீ.

எட்டாம் படி: காக்காவிடம் கேட்பது எப்படி

இங்குள்ள கடைகள் நம் வாய்க்கு ஏற்ப இனிப்பைக் கூட்டி, கறியைக் கெட்டியாக்கிவிடுகின்றன. "அங்க இப்புடி இருக்காது" என்று அவர் நாலு தடவையாவது சொல்லுவார். சலித்துக்கொள்ளாமல் ஒரே ஒரு தட்டைக் காட்டி, "அங்க எப்படி காக்கா இருக்கும்? எதைக் குறைப்பாங்க, எதைக் கூட்டுவாங்க?" என்று கேளுங்கள். "நல்லா இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "பரவால்ல" என்றுதான் பதில் வரும், குறிப்பாகக் கேட்டால் ஆள் மலர்ந்துவிடுவார். எந்தத் தெருவில் எந்த அம்மா எந்த உரலில் இடிப்பார் என்பது வரை வரும். ஆனால் பரிமாறுகிற பையனைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்க ஆரம்பித்தால் மெதுவாகப் பேச்சை மாற்றிவிடுங்கள். அந்தப் பையன் மணிப்பூரில் இருந்தோ மிசோரத்தில் இருந்தோ வந்து பிழைக்கிறவனாக இருக்கலாம், பாங்காக் அவனுக்கும் நமக்கும் ஒரே தூரம்.

பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்ல வேண்டாம். சொன்னால் அடுத்த தடவையும் அதே வரும்.

ஒன்பதாம் படி: இனிப்பு

மாம்பழ சீசனில் போனால் மாம்பழமும் ஒட்டும் சோறும், சந்தேகமே வேண்டாம். மேலே ஊற்றும் தேங்காய்ப்பாலில் உப்பு தெரியும். அது தவறி விழுந்ததில்லை, அப்படித்தான். மற்ற மாதங்களில் அதைக் கேட்டால் நார் மாம்பழம் வரும்.

சாயல்குடி, ஏர்வாடிப் பக்கத்துப் பனங்காட்டுக்காரர்கள் காக்காவிடம் பேட்சபுரியைப் பற்றிக் கேளுங்கள். பாங்காக்குக்குத் தென்மேற்கே உள்ள அந்த ஊர் நம் பனைமரத்துக்கே பேர்போனது. பதநீரைக் காய்ச்சி வெளிர்நிற வெல்லம் எடுக்கிறார்கள். நம் கருப்பட்டியின் கருக்கல் வாசம் அதில் இருக்காது. பழுத்த பனம்பழத்தின் சாற்றை அரிசிமாவிலும் தேங்காய்ப்பாலிலும் கலந்து ஆவியில் வேகவைத்த கனோம் தான் என்ற மஞ்சள் பணியாரமும் உண்டு. நாம் பனம்பழத்தைச் சுட்டுத் தின்பதோடு நிறுத்திக்கொண்டோம். நம் பனங்காட்டில் யாராவது இதைச் செய்து பார்த்தால் நன்றாக இருக்கும்.

மெனுவில் பூசணிக்குள் வைத்த சங்காயா என்று இருந்தால் அது முட்டையும் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும். வட்டலப்பம் தின்றவருக்கு விளக்கம் வேண்டாம். கலமே என்றால் தொதல். அதை மட்டும் கடையில் சொல்லாதீர்கள், கீழக்கரையில் கிண்டுவதை விட்டுவிட்டு காசு கொடுத்து வேறெங்கோ எதற்கு?

பத்தாம் படி: பில்லும் பார்சலும்

கூப்பிட்டவர் கொடுப்பது அங்கேயும் வழக்கம், இங்கேயும் வழக்கம். பில்லுக்காக மேஜையில் கைகலப்பு வேண்டாம். காக்கா கொடுத்தால் இனிப்பையும் டீயையும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள், அல்லது ஊர் திரும்பியதும் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் வீட்டுக்கு அழைத்து நண்டுக் குழம்பு வையுங்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று போட்டிருந்தால் அது கட்டாயமில்லை. 2022ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட நெறிமுறை அப்படித்தான் சொல்கிறது. வேண்டாம் என்று எடுக்கச் சொல்லிவிட்டு, பரிமாறியவர் கையில் நேராகக் கொடுப்பது நல்லது.

மிஞ்சியதில் சாலடைக் கட்டாதீர்கள், வீடு வருவதற்குள் வீணாகிவிடும். ஆவி மீனும் வேண்டாம், தோம் யம் எலுமிச்சையால் கசக்க ஆரம்பிக்கும். க்ரபாவை இரவே சூடுபண்ணித் தின்னலாம். மசமன் மிஞ்சினால் மட்டும் ஒரு சொட்டு விடாமல் கட்டி வாங்கி, வந்ததும் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலையில் மசாலா நன்றாக ஊறி, இடியாப்பத்துக்கு முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும்.